படம் பிடித்தவர் பட்ட கடன்

(ஜப்பானியச் சுயேச்சை ஆவணப்படங்களைப் பற்றி, ஒரு திரைப்படச் சங்கத்தில் படம் காட்டுவதற்கு முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலையைப் போட்டுவிட்டுப் பரிமாறாமல் பிரசங்கம் செய்பவனை எவரும் விரும்புவதில்லை என்பதை நான் அறியாதவன் அல்லேன். நீங்கள் வந்திருப்பது படம் பார்க்க. நான் எழுந்திருப்பது பேச. ஆயினும், இன்று மாலை இங்கே காட்டப்படவிருக்கும் படம், ஒன்றும் தெரியாமல் பார்த்தால் அலுப்புத் தட்டக்கூடியது என்றும், சிறிது விஷயம் தெரிந்துகொண்டு பார்த்தால் பல நாள் மனத்தைவிட்டு அகலாதது என்றும் சங்கத்தார் கருதியபடியால், முன்னுரையாகச் சில வார்த்தைகள் சொல்லும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள்.

நம்மில் பலருக்கு ஜப்பானியக் கலை என்றால் தேநீர்ச் சடங்கும், செர்ரிப் பூவும், ஹொக்குசாயின் அலையும் நினைவுக்கு வரும். சினிமா ரசனை உள்ளவர்களானால் குரோசாவாவின் வாள்வீரர்களும், ஓஸுவின் படங்களில் பாயில் அமர்ந்து மௌனமாகப் பெருமூச்சு விடும் தகப்பனார்களும் வருவார்கள். அவையெல்லாம் உயர்ந்தவையே. ஆனால் நான் இன்று பேச விரும்புவது, பெரிய படக் கம்பெனிகளின் தயவை நாடாமல், 16 மில்லிமீட்டர் காமிராவையும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியையும் தூக்கிக்கொண்டு, மீனவர் குப்பத்திலும் நெல்வயலிலும் மலைக்கிராமத்திலும் போய் வருஷக்கணக்காகக் குடியிருந்து, அங்கே கண்டதையும் கேட்டதையும் படமாக்கிய ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றி. அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு விஷயந்தான் இருக்கிறது. பிறர் முகத்தைப் படம் பிடிக்கிறவன் அவர்களிடம் கடன் வாங்குகிறான் என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். அந்தக் கடனை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற கவலையே அவர்களுடைய கலையாக உருவெடுத்தது என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானியர் இவ்வகைப் படங்களுக்கு ‘ஜிஷு’ என்ற அடைமொழியைச் சேர்க்கிறார்கள். பிறர் ஏவாமல் தானே முன்வந்து செய்வது என்று பொருள் கொள்ளலாம். நம் பழைய பத்திரிகைகள் வழங்கிய ‘சுயேச்சை’ என்ற சொல் அதற்கு ஏறக்குறையப் பொருந்தும். படத்தைத் தயாரிப்பதற்கு மட்டுமன்றி, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதற்கும் அவர்கள் இதே அடைமொழியை வழங்குகிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தியேட்டர்காரரின் தயவை எதிர்பாராமல், பள்ளிக்கூடத்திலோ பொதுமண்டபத்திலோ தாங்களே திரை கட்டி, தாங்களே டிக்கெட் விற்று, படம் முடிந்தபின் தாங்களே எழுந்து நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுவது, படமெடுக்கும் தொழிலில் சரிபாதி என்பது அவர்கள் கொள்கை.

சுயேச்சை ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு மனிதரின் கதையே போதும். கமேய் ஃபூமியோ என்பவர் சோவியத் நாட்டில் சினிமாக் கலை பயின்று திரும்பியவர். சீனத்தில் நடந்த யுத்தத்தைப் படமெடுத்து வரும்படி அனுப்பப்பட்ட அவர், 1939இல் ‘போரிடும் வீரர்கள்’ என்ற படத்துடன் திரும்பினார். அதில் வெற்றி முழக்கத்தைக் காணோம்; நடக்க மாட்டாத குதிரையையும், களைத்துப்போன சிப்பாயையும், எரிந்த வீட்டெதிரே நிற்கும் சீனக் கிழவனையுமே கண்ட அதிகாரிகள், இவர்கள் போரிடும் வீரர்கள் அல்லர், களைத்த வீரர்கள் என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள். 1941இல் கமேய் சிறைப்பட்டார். யுத்தம் முடிந்து அமெரிக்கர் ஆட்சி வந்ததும், யுத்தப் பொறுப்பை ஆராய்ந்து ‘ஜப்பானின் துயரம்’ என்ற படத்தை 1946இல் எடுத்தார். அதை அமெரிக்க அதிகாரிகள் தடுத்தார்கள். வென்ற சர்க்காரும் தோற்ற சர்க்காரும் ஒரே மனிதர் விஷயத்தில் இவ்வளவு ஒற்றுமையாக நடந்துகொண்டது சரித்திரத்தில் அபூர்வம்.

யுத்தத்துக்குப் பிந்திய தலைமுறையார் பலருக்கு இவானாமி படநிறுவனமே குருகுலமாக அமைந்தது. பனிப் படிகங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற நாக்காயா உக்கிச்சிரோ என்னும் பௌதிக விஞ்ஞானியின் முயற்சியோடு 1950இல் தோன்றிய அந்த ஸ்தாபனம், உருக்காலைகளுக்கும் அணைக்கட்டுகளுக்கும் விளம்பரப் படங்கள் எடுத்து ஜீவித்தது. ஜப்பான் வேகமாகச் செல்வம் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. காமிராவை நுட்பமாகக் கையாள அங்கே கற்றுக்கொண்ட இளைஞர்களில் சிலர், எந்தத் தொழிற்சாலைகளின் பெருமையைப் படமெடுத்தார்களோ, அந்தத் தொழிற்சாலைகளின் பின்புறக் கால்வாய் எங்கே போய்க் கலக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டார்கள். அவர்களில் இருவர் சுச்சிமோட்டோ நொரியாக்கியும், ஒகாவா ஷின்சுகேயும்.

இன்றைய படம் சுச்சிமோட்டோவினுடையது. ஆகையால் அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை தர வேண்டும்.

க்யூஷு தீவின் மேற்குக் கரையில், ஷிரானுய் என்ற உள்கடலை ஒட்டி, மினமாட்டா என்ற ஊர் இருக்கிறது. சிஸ்ஸோ என்னும் ரசாயனக் கம்பெனியே அந்த ஊருக்குச் சோறு போட்டது. விஷத்தையும் அதுவே போட்டது. அசெட்டால்டிஹைடு தயாரிக்கும்போது ஊக்கியாகச் சேர்த்த பாதரசத்தில் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறி, 1932 தொடங்கி 1968 வரையில் கழிவுநீரோடு கடலில் கலந்தது, மீனில் ஏறியது, மீனே உணவாக இருந்த செம்படவர் குடும்பங்களின் நரம்பில் ஏறியது. முதலில் பூனைகள் பேய்பிடித்தவைபோல் ஆடிச் செத்தன. பிறகு குழந்தைகளுக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. 1956ஆம் வருஷம் மே மாதம் 1ஆம் தேதி இந்த நோய் முறைப்படி சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. தாயின் கருப்பையையே கடந்து சென்று, பிறவாத சிசுவை இந்த விஷம் தாக்கும் என்பது பின்னர் நிரூபணமாயிற்று. காரணம் கம்பெனியின் கழிவுநீர்தான் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். நோய் தெரிந்த நாளுக்கும் ஒப்புக்கொண்ட நாளுக்கும் இடையே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏறக்குறைய அத்தனை காலமும் கழிவுநீர் கடலில் கலந்துகொண்டேயிருந்தது.

சுச்சிமோட்டோ இந்த ஊருக்கு முதலில் வந்தது 1965இல், தொலைக்காட்சிக்காக ஒரு சிறு படம் எடுக்க. குப்பத்தில் காமிராவைத் திருப்பியபோது, நோயுற்ற குழந்தையின் தாய் ஒருத்தி, கேளாமல் படமெடுத்ததாகக் கொதித்தெழுந்து, இப்படி எடுத்துக்கொண்டு போவதால் என் பிள்ளைக்கு என்ன குணம் வந்துவிடப் போகிறது என்ற பொருள்படக் கடிந்துகொண்டாள். அந்த வார்த்தை அவரை நின்ற இடத்திலேயே கட்டிப்போட்டுவிட்டது. வேறொருவராயிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். இவரோ அந்தக் கேள்வியைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போய், பிற்காலத்தில் எழுத்திலும் பேச்சிலும் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார். ஐந்து வருஷங்கள் கழித்து, 1970இல், பெரும்படம் எடுக்கும் உத்தேசத்துடன் அவர் மினமாட்டாவுக்குத் திரும்பியபோது, செய்தி சேகரிக்க வந்தவராக அல்ல, பழைய பாக்கியைத் தீர்க்க வந்தவராகத் திரும்பினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘மினமாட்டா: நோயாளிகளும் அவர்கள் உலகமும்’ என்ற அந்தப் படம் 1971இல் வெளிவந்தது. அதில் நீங்கள் ஒரு விசித்திரத்தைக் காண்பீர்கள். பேசுகிறவர் வாயசைவும் குரலும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. காமிராவும் ஒலிக்கருவியும் தனித்தனியே ஓடியதால் ஏற்பட்ட நிர்ப்பந்தம் இது. ஆனால் நிர்ப்பந்தத்தையே அவர் நயமாக மாற்றிக்கொண்டார். முகம் தன்பாட்டில் வலை பின்னிக்கொண்டிருக்கும். குரல் தன்பாட்டில் செத்துப்போன மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும். துக்கம் சொல்லுகிறவர் வாயை உற்றுப் பார்க்கும் அநாகரிகத்திலிருந்து நாம் தப்புகிறோம்.

படத்தின் சிகரம் என்று பலர் கருதுவது, 1970 நவம்பரில் ஒஸாக்காவில் நடந்த சிஸ்ஸோ பங்குதாரர் கூட்டம். நோயாளிகளும் ஆதரவாளர்களும் ஆளுக்கொரு பங்கு வாங்கி, பங்குதாரர் என்ற சட்டபூர்வமான உரிமையோடு, யாத்திரிகர்கள் உடுத்தும் வெள்ளுடை தரித்து, புத்த பக்திப் பாடல்களைப் பாடிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைகிறார்கள். தாய் தந்தை இருவரையும் நோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண், மேடையேறி, அவர்கள் பெயர் பொறித்த நினைவுப் பலகைகளைக் கம்பெனித் தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டிக் கதறுகிறாள். உணர்ச்சி மிக்க காட்சிதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒரு கிழவர் முழங்கால் ஆழக் கடலில் தனியாக நடந்துகொண்டிருக்கிறார். நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்கிறார்களே, அந்த எட்டுக்கால் பிராணியைக் குத்திப் பிடித்து, அதன் இரு கண்களுக்கும் நடுவே பல்லால் ஒரு கடி கடித்து அடக்கிவிட்டு, மறுபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். வேறொன்றும் நடப்பதில்லை. விஷம் கலந்த கடல் என்று நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆயினும் அந்தக் கடலோடு அவருக்குள்ள சொந்தமும், அந்தக் கைலாகவமும், அதில் அவர் அடையும் ஆனந்தமும் சிறிதும் குறையவில்லை. அவரை நோயாளி என்று சொல்ல நா எழாது. கம்பெனி அழித்தது எதை என்பதை நியாயஸ்தலத்தில் சமர்ப்பித்த எந்தப் பத்திரத்தைக் காட்டிலும் இந்தக் காட்சி தெளிவாகச் சொல்லுகிறது. தலைப்பில் ‘அவர்கள் உலகமும்’ என்று சேர்த்திருப்பதன் காரணம் இதுவே.

படம் வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்டது. கடன் தீர்ந்ததா? தீரவில்லை என்று சுச்சிமோட்டோ கருதினார். 1977இல், படப்பெட்டிகளையும் திரையையும் ஏற்றிக்கொண்டு, ஷிரானுய் கடலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் எதிர்க்கரைத் தீவுகளிலும் மாதக்கணக்காக அலைந்து படம் காட்டினார். அங்கேயும் அதே மீனைத் தின்றவர்கள் இருந்தார்கள். கல்யாணச் சம்பந்தம் தடைப்படும், மீன் விலைபோகாது என்று அஞ்சி, கை நடுக்கத்தையும் கால் மரத்துப்போவதையும் மறைத்து வைத்திருந்தார்கள். தங்களுக்கிருப்பது இன்ன வியாதி என்பதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதே அந்த யாத்திரையின் நோக்கம். பரிசு வாங்கிய படத்தை விழாக்களுக்கு அனுப்புகிறவர் பலர். கரையோரக் குப்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர் எத்தனை பேர்?

இதற்கும் மேலே ஒன்று செய்தார். 1990களின் நடுவில், அறுபது வயதைத் தாண்டியபின், தம் மனைவியாருடன் மினமாட்டாவில் ஏறத்தாழ ஒரு வருஷம் தங்கி, இந்த நோயால் இறந்தவர்களின் வீடு வீடாகப் போய், பூஜை மாடத்தில் வைத்திருந்த புகைப்படத்தைப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். சிலர் கொடுத்தார்கள், சிலர் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். சுமார் 500 முகங்கள் சேர்ந்தன. 1996இல் தோக்கியோவில் நடந்த மினமாட்டாக் கண்காட்சியில் அவை சுவர் நிறைய வைக்கப்பட்டன. கேளாமல் எடுத்ததற்காக ஒரு தாயிடம் திட்டு வாங்கியவர், முப்பது வருஷம் கழித்து, ஒவ்வொரு முகத்துக்கும் கதவைத் தட்டிக் கேட்டு வாங்கியதை எண்ணிப் பாருங்கள். இவ்வளவுக்கும் அது திரைப்படங்கூட அல்ல.

ஒகாவா ஷின்சுகேயின் வழி வேறு. தோக்கியோவுக்குப் புதிய விமான நிலையம் கட்ட, சிபா மாகாணத்தில் சன்ரிசுகா என்ற பகுதியை 1966இல் சர்க்கார் தேர்ந்தெடுத்தபோது, நிலத்தைக் கொடுக்க மறுத்த குடியானவர்களோடு ஒகாவாவும் அவர் கோஷ்டியாரும் போய்க் குடியேறினார்கள். 1968இல் தொடங்கி ஏழு படங்கள். முதற்படத்தில் காமிரா எப்போதும் குடியானவர் நிற்கும் பக்கத்திலேயே நிற்கிறது; போலீஸார் நம்மை நோக்கியே வருகிறார்கள். கலவரம், கல், தடியடி எல்லாம் உண்டு. ஆனால் 1973இல் எடுத்த ‘ஹேத்தா கிராமம்’ என்ற படத்துக்கு வரும்போது, அந்த ஆரவாரம் அநேகமாக மறைந்துவிட்டது. 1971 செப்டம்பர் மோதலில் மூன்று போலீஸ்காரர்கள் இறந்திருந்தார்கள். ஊர் இளைஞர்கள் ஒவ்வொருவராகப் பிடித்துச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். படத்திலோ பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். போராட்டத்தைக் காட்ட வந்தவர், போராட்டம் எதைக் காக்க நடக்கிறதோ அந்தக் கிராம வாழ்க்கையின் காலகதியைக் கண்டுகொண்டார்.

அதன் பயனாக, 1970களின் நடுவில் கோஷ்டி முழுவதும் வடக்கே யமகதா மாகாணத்தில் மகினோ என்ற கிராமத்துக்கு, அவ்வூர்க் குடியானவக் கவிஞர் கிமுரா மிச்சியோவின் அழைப்பின்பேரில், வந்து சேர்ந்தது. வயலைக் குத்தகைக்குப் பிடித்தார்கள், நெல் பயிரிட்டார்கள், தண்ணீரின் சூட்டை அளந்தார்கள், நெற்பூ விரிவதைக் காமிராவை அருகில் வைத்துக் காத்திருந்து எடுத்தார்கள். நெற்பூ விரிந்திருப்பது சிறிது நேரமே. குடியானவர்களிலும் அதை நின்று பார்த்தவர் சிலர்தாம். 1982இல் வெளிவந்த ‘ஃபுருயஷிகி கிராமம்’ எட்டே வீடுகள் உள்ள மலையூரைப் பற்றியது. அதை எடுத்தபோது குளிர்காற்றால் பயிர் கெட்டது. காற்று எந்த வழியாக இறங்கி வயலில் தேங்குகிறது என்பதை விளக்க, மலையையும் பள்ளத்தாக்கையும் சிறு மாதிரியாகச் செய்து, உலர்பனிப் புகையை அதன்மேல் வழியவிட்டுக் காட்டுகிறார்கள். பாடப்புத்தகம் போலத் தொடங்கும் படம், மெல்லக் கரிமூட்டம் போடுகிறவரிடமும், யுத்தத்துக்குப் போய் வந்தவரிடமும் போய்ச் சேருகிறது. பெர்லின் விழாவில் 1984இல் விமர்சகர் பரிசு பெற்ற இந்தப் படம் மூன்றரை மணி நேரம் ஓடும். பின்னர் எடுத்த மகினோ கிராமக் கதையோ அதனினும் நீளம், 222 நிமிஷம். அதில் கிராமத்தார் தங்கள் முன்னோர் செய்த கிளர்ச்சியைத் தாங்களே நடிக்கிறார்கள். பூத்தோ நடனத்தைத் தோற்றுவித்த ஹிஜிகாத்தா தத்சுமியும் அவர்களிடையே வருகிறார். அதைக் காட்டுவதற்கென்றே 1987இல் க்யோத்தோவில் மண்ணாலும் வைக்கோலாலும் ஒரு கொட்டகை எழுப்பினார்கள்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். கிராமத்தாரிடம் பட்ட கடனை நினைவில் வைத்திருந்த ஒகாவா, தம் வீட்டுக்குள்ளேயே பட்ட கடனை மறந்துவிட்டார். கோஷ்டிக்குச் சமைத்து, துவைத்து, கணக்கெழுதிய பெண்களின் பெயரும் உழைப்பும் போதிய அளவு வெளிவரவில்லை. பார்பரா ஹாம்மர் என்ற அமெரிக்கப் பெண்மணி 2000இல் எடுத்த ஆவணப்படத்தில் பழைய உறுப்பினர்கள் இதை வாய்விட்டுச் சொல்லுகிறார்கள். 1992இல் ஒகாவா காலமானபோது, ரொக்கக் கடனும் நிறைய இருந்தது.

அவர் விட்டுச் சென்ற நல்ல சொத்து ஒன்றும் உண்டு. யமகதா நகரசபை தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1989இல், அவர் ஊக்கத்தால் அங்கே சர்வதேச ஆவணப்பட விழா ஒன்று ஆரம்பமாயிற்று. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அக்டோபரில் நடைபெறுகிறது. பகலில் படம், இரவில் ஓர் ஊறுகாய்க் கடைக்காரரின் பழைய கிடங்கு மண்டபத்தில் விவாதம் என்று நடந்துவந்தது. உலகத்து டைரக்டர்கள் பாயில் உட்கார்ந்து விடிய விடியச் சண்டை போட்டுக்கொண்ட அந்தக் கடை 2020இல் மூடப்பட்டுவிட்டது என்று அறிந்தபோது, பார்த்திராத ஓரிடத்துக்காக நான் வருந்தினேன்.

இனி மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஹிமேதா ததாயோஷி என்பவர், அணைக்கட்டில் மூழ்கவிருந்த ஒக்குமியொமொத்தே என்ற மலையூரில் வீடெடுத்துத் தங்கி, கரடி வேட்டை, காட்டுக்கீரை பறித்தல், மரவேலை முதலிய தொழில்களையெல்லாம் நான்கு பருவங்களிலும் பதிவு செய்து 1984இல் படமாக்கினார். அடுத்த வருஷம் ஊரார் இடம்பெயர்ந்தார்கள். அவருடைய படத்தைக் கலைப்படம் என்று பலர் ஒப்புவதில்லை, நான் ஒப்புகிறேன். ஹானெடா சுமிகோ அம்மையார் ஹயாச்சினே மலையடிவாரத்துக் காகுரா ஆட்டத்தை 1982இல் மூன்று மணி நேரப் படமாக எடுத்தபோது, முகமூடி அணிந்து ஆடுகிறவரை மட்டுமன்றி, மறுநாள் காலையில் அவர் வயலுக்குப் போவதையும் நமக்குக் காட்டினார்.

2011 மார்ச் 11ஆம் தேதி வடகிழக்குக் கரையைக் கடற்கோள் அழித்தது. அந்த அலையின் படத்தை உலகம் ஆயிரந்தடவை பார்த்துவிட்டது. ஹமகுச்சி ர்யூசுகே, சகாய் கோ என்ற இரு இளைஞர்கள் அதே வருஷம் எடுத்த ‘அலைகளின் ஓசை’ படத்திலோ அலையே கிடையாது. தப்பிப் பிழைத்த கணவனும் மனைவியும், அக்காளும் தங்கையும், எதிரெதிரே உட்கார்ந்து, அன்று நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்லுகிறார்கள். காமிராவை வைத்த சாமர்த்தியத்தால் ஒவ்வொருவரும் நம் கண்ணை நேரே பார்த்துப் பேசுவதுபோல் இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில், 1933இல் வந்த கடற்கோளைச் சிறுமியாகக் கண்ட ஒரு மூதாட்டி, தாமே செய்த படக்கதை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கதை சொல்லுகிறார். கேட்க ஆளிருந்தால்தான் ஞாபகம் வாய்திறக்கும் என்பதை அறிந்த இவ்விருவரும், பின்னர் மியாகி மாகாணத்தில் நாடோடிக் கதைகளைக் கேட்டுத் திரட்டுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒனோ கசுகோ அம்மையாரோடு போய், கதை சொல்லுகிறவர்களையும் படமெடுத்தார்கள். அதிலே என்னைக் கவர்ந்தது கதையன்று; கேட்டுக்கொண்டிருக்கும் ஒனோ அம்மையாரின் முகம்.

நண்பர்களே, விளக்கை அணைக்கும் நேரம் வந்துவிட்டது. இன்று காட்டப்படுவது சுருக்கப்படாத பிரதி. 167 நிமிஷம் ஓடும். இடையில் எழுந்து போக வேண்டியவர்கள் போகலாம், நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் அந்தக் கிழவர் கடலில் இறங்கி நடக்கும் இடம் வரும் வரையிலாவது தயவுசெய்து உட்கார்ந்திருங்கள்.